திருப்பிப் பார்க்காத பக்கம்

அந்த நான்கு நாட்களும் கொரின் மெக்கேப் குளிக்கப் போகும்போதுகூடக் கைபேசியை எடுத்துக்கொண்டுதான் போனாள். வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு எந்த நேரத்தில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் முதல் மணியில் பாய்ந்து எடுத்துவிடக் கூடாது, மூன்றாவது மணியில்தான் எடுக்க வேண்டும் என்று அவளே தீர்மானித்து வைத்திருந்தாள். நீலக் கோட்டும் ஸ்கர்ட்டும் தேய்த்த மடிப்புக் கலையாமல் அலமாரிக் கதவில் தொங்கின. அவள் கணவன் பீட் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லித் தருகிறவன். அந்த உடுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று அதற்கு ஒரு சல்யூட் வைத்தான்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. தொலைக்காட்சியில் வெள்ளை மாளிகையின் புல்வெளி தெரிந்தது. அதிபருக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி, வில்லா சொரென்சன் நின்றாள். அவளும் நீலம்தான் உடுத்தியிருந்தாள்.

"கோட்டு கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு" என்றான் பீட், ஆறுதலுக்கு.

"இல்ல. கச்சிதமா இருக்கு" என்றாள் கொரின்.

காலியாகியிருந்தது உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நாற்காலிகளில் ஒன்று. அதற்கு ஆளை அதிபர் சொல்ல வேண்டும், செனட் சபை ஓட்டெடுத்து ஏற்க வேண்டும். செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை நீதிபதி ஆம்புரோஸ் டீல் தூக்கத்திலேயே இறந்துபோனார். தேர்தல் நவம்பர் மூன்றாம் தேதி. இடையில் எட்டு வாரம்கூட முழுதாக இல்லை. அன்று மாலையே நீதிமன்றத்துப் படிகளின் கீழே இரண்டு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கூட்டம் மெழுகுவத்தி ஏற்றியது, இன்னொன்று பதாகை பிடித்தது. நான்கு வருடத்துக்கு முன் இதே போல ஒரு நாற்காலி காலியானபோது இன்றைய ஆளுங்கட்சிதான், "தேர்தல் வரப்போகிறது, மக்கள் தீர்மானிக்கட்டும், நாற்காலி சும்மா கிடக்கட்டும்" என்று கதவை இழுத்துச் சாத்தியது. இப்போது அதே வாய்கள், "காத்திருக்கச் சொல்லி அரசியல் சாசனத்தில் எங்கே எழுதியிருக்கிறது" என்று கேட்டன. எதிர்க்கட்சியும் தன் பழைய பேச்சைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டது. தொலைக்காட்சிக்காரர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை.

இந்த விஷயத்தில் கொரினுக்குத்தான் கை சுட்டது. நான்கு வருடத்துக்கு முன் தன் கட்சிக்காக, "தேர்தல் நெருங்கினால் நாற்காலி காத்திருப்பதே மரபு" என்று பெரிய நாளிதழ் ஒன்றில் அழகாக ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். சட்டக் கல்லூரிப் பேராசிரியை. எழுதுவதுதான் அவளுடைய பலம். இப்போது அந்தக் கட்டுரையை எதிர்க்கட்சிக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுவார்கள் என்று வெள்ளை மாளிகை பயந்தது. வில்லா பதினொரு வருடமாக நெப்ராஸ்காவில் மேல்முறையீட்டு நீதிபதி. நாளிதழில் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், எழுதாதவள் புல்வெளியில் நின்றாள். கொரின் இதைப் பல விதமாகத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் வயிறு எரிந்தது.

வேறு யாராவது ஒருத்தி என்றால் இவ்வளவு எரிந்திருக்காது. இருபத்தேழு வருடத்துக்கு முன் இதே நீதிபதி டீலிடம் இருவரும் ஒரே வருடம் சட்ட உதவியாளர்களாக இருந்தவர்கள். எதிரெதிர் மேஜை. ஒருத்தி பென்சிலைக் கடித்தால் மற்றவளுக்குச் சத்தம் கேட்கும். கொரினுடைய வரைவுகளை டீல் அப்படியே தீர்ப்பில் சேர்த்துக்கொள்வார், ஒரு வார்த்தை மாற்ற மாட்டார். ஆனாலும் அவளை "மிஸ் மெக்கேப்" என்றுதான் கூப்பிட்டார். வில்லாவை இரண்டாம் வாரத்திலேயே "வில்லா" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். கொரின் இன்றைக்கும் அதை அச்சுப்பிசகாமல் அப்படியே சொல்லிக் காட்டுவாள், பீட்டிடம் மட்டும்.

திங்கட்கிழமை அவள் கைபேசி அடித்தது. அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். வில்லாவை செனட் சபையின் வழியாகக் கரைசேர்க்கிற பொறுப்பில் இருந்த ரென்ஃப்ரோ என்கிற வழக்கறிஞர்.

"புரொபசர், இதை உங்ககிட்ட கேக்க எனக்கே நாக்கு கூசுது" என்று ஆரம்பித்தார் அவர். "ஆனா செனட்டர் ஆஸ்ட்ரேண்டர் வேஷத்தை உங்களை மாதிரி வேற யாராலயும் பண்ண முடியாது."

அது ஒரு பழைய வழக்கம். நியமனம் பெற்றவர் செனட் குழு முன்னால் உட்காருவதற்கு முன், சொந்தக் கட்சியின் வழக்கறிஞர்களே கதவைச் சாத்திக்கொண்டு அவரைப் பல நாள் கிழித்தெடுப்பார்கள். ஆளுக்கொரு எதிர்க்கட்சி செனட்டராக வேடம். வலிக்க வேண்டியதெல்லாம் அந்த அறையிலேயே வலித்துத் தீரட்டும் என்பது கணக்கு. ஆஸ்ட்ரேண்டர் அம்மையார் எதிர்க்கட்சியில் எல்லோரும் பயப்படுகிற ஆள், பழைய அரசு வழக்கறிஞர். சத்தமே போட மாட்டார். கொல்லுகிற கேள்விக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அவ்வளவுதான்.

கொரின் சரி என்றாள். அவளுடைய பெருந்தன்மையை நகரமே பேசும் என்றார் ரென்ஃப்ரோ. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று பீட் கேட்டபோது, கட்சிக்காக என்றாள்.

"கொரி, என்கிட்டயுமா கட்சி" என்றான் அவன்.

அவள் சிரித்து மழுப்பினாள். உண்மையில் அவள் வில்லாவைப் பக்கத்திலிருந்து பார்க்க விரும்பினாள். தன்னிடம் இல்லாதது எது அவளிடம் இருக்கிறது என்று எதிரில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் பார்க்க விரும்பினாள். இருபத்தேழு வருடமாக அதற்கு விடை கிடைக்கவில்லை.

ஒத்திகை ஓர் அரசாங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நடந்தது. நீள மேஜை, பெயர்ப் பலகைகள், பச்சை மஞ்சள் சிவப்பு எரிகிற கடிகாரம். வில்லாவுக்குத் தனியாகச் சின்ன மேஜை, அதன்மேல் எதுவும் எழுதாத ஒரு தாள்கட்டு. அவளுக்குக் குறிப்புகள் தேவைப்படவில்லை. வழக்குகளின் பெயர்கள், ஆண்டுகள், மாற்றுக் கருத்து எழுதியவர்கள் எல்லாம் கேட்டவுடன் வந்தன. தெரியாததைத் தெரியாது என்றாள். அதுவும் அழகாக இருந்தது. கொரின் ஆஸ்ட்ரேண்டராக மாறி, குரலைத் தாழ்த்தி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மெதுவாக வைத்து அவளைக் குத்தினாள். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரென்ஃப்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். வில்லாவும் சிரித்தாள். சிரித்தபடியே பதில் சொன்னாள்.

இடைவேளையில் இருவரும் சன்னலோரம் நின்று பிளாஸ்டிக் பெட்டியில் சாலட் சாப்பிட்டார்கள். வில்லா தக்காளியையெல்லாம் ஓரமாக ஒதுக்கினாள், அந்தக் காலத்தைப் போலவே.

"அந்த நாற்காலில நீதான்டி உக்காந்திருக்கணும்" என்றாள் திடீரென்று. "எனக்குத் தெரியும். டீலுக்கும் தெரிஞ்சிருக்கும்."

கொரின் சாலட்டைக் கிளறினாள். "சும்மா சொல்லாதே."

"சும்மா சொல்லல. நீ எழுதறதுல பாதிகூட எனக்கு வராது."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் கொரினுக்குத் தாங்கவில்லை. வில்லா ஒரு பொய்க்காரியாக, ஒரு தந்திரக்காரியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. வெறுக்க ஒரு பிடி கிடைத்திருக்கும். இவள் பிடி இல்லாத பாத்திரமாக இருந்தாள், கொதிக்கக் கொதிக்க.

ஆனால் கொரினிடம் ஒன்று இருந்தது. அந்த அறையில் வேறு யாரிடமும் இல்லாதது.

அவர்கள் உதவியாளர்களாக இருந்த வருடம் நாடெங்கிலுமிருந்து வாரம் நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும். அவற்றை உதவியாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். நீதிமன்றம் இதை விசாரிக்கலாமா, வேண்டாமா என்று. குறிப்பின் அடியில், மனு யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவருடைய பெயரின் முதலெழுத்துகள். குறிப்பு பல நீதிபதிகளுக்குப் போகும். அந்த ஏப்ரலில் வில்லா தங்கையின் கல்யாணத்துக்காக ஆறு நாள் ஊருக்குப் போனாள். அவள் பங்கைக் கொரின் பார்த்துக்கொண்டாள். அதில் ரூபன் காட்லி என்பவனின் மனு இருந்தது. மிசௌரி சிறையிலிருந்து பென்சிலால் எழுதியது. கடை ஒன்றைக் கொள்ளையடித்ததாகத் தண்டனை. கொரின் நகலைப் படித்தாள், ஒன்றரைப் பக்கம் எழுதினாள், வழக்கம்போல் தனக்குப் பிடித்த வாக்கியத்தோடு முடித்தாள்: "இதில் நம்மை நிறுத்திவைக்கும் எதுவும் இல்லை." அடியில் வி.சொ. என்று போட்டாள். மனு தள்ளுபடியானது.

வில்லாவாக இருந்தால் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய் அசல் மனுவைப் பார்த்திருப்பாள். கைதிகள் எழுதிய மனு ஒவ்வொன்றுக்கும் அவள் அப்படித்தான் செய்வாள். அவளுடைய அப்பா சிறைச் சமையற்கட்டில் மேற்பார்வையாளராக இருந்தவர். உள்ளே தாள் கிடைக்காது, பின்பக்கத்திலும் எழுதுவார்கள், நகல் எடுக்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொரினிடமும் சொல்லியிருந்தாள். அன்று மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கொரின் அதை நினைத்தும் பார்த்தாள். ஆனால் வில்லா படி இறங்குவதெல்லாம் டீலிடம் நல்ல பெயர் வாங்கத்தான் என்று அவள் மனதுக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. அவள் செய்கிறாள் என்பதற்காக நானும் போகணுமா என்று உட்கார்ந்தே இருந்தாள்.

மூன்றாம் தாளின் பின்பக்கத்தில், கடையின் பணப்பெட்டியில் உட்கார்ந்திருந்த பெண் எழுதிய கடிதத்தைக் காட்லி வார்த்தைக்கு வார்த்தை பார்த்து எழுதியிருந்தான். நான் பார்த்தது அவனை இல்லை, போலீஸ்காரர்கள் காட்டிய படத்தைத்தான் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். வேறொரு நீதிமன்றம் அவனை விடுவிக்க இன்னும் ஒன்பது வருடம் ஆனது. கொரின் அந்தச் செய்தியை நாளிதழில் படித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து நீதிபதி ஒருவர் தன் காகிதங்களையெல்லாம் தேசிய நூலகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மூன்று வருடத்துக்கு முன்தான் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. முதல் வாரமே கொரின் போய்ப் பார்த்தாள். குறிப்பு அங்கே இருந்தது, வி.சொ. என்ற எழுத்துகளோடு. ஒத்திகையின் நான்காம் நாள் மதியம் மறுபடி போனாள். அந்தக் காகிதப் பெட்டியை வேறு ஆட்கள் பார்க்க வாங்கியிருக்கிறார்கள் என்றார் நூலகர். மூலை மேஜையில் இரண்டு பேர் அதைத் திறந்துவைத்து மஞ்சள் சீட்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஆஸ்ட்ரேண்டர் அலுவலகத்தின் பெயர்.

கேள்வி வரப்போகிறது. இனி அதில் சந்தேகமில்லை. ஒத்திகையில் இப்படிப்பட்ட கேள்விகளை முதலில் கேட்பதற்குத்தான் கொரினை உட்கார்த்திவைத்திருந்தார்கள். கேட்டால் வில்லா தாளைப் பார்த்த கணமே புரிந்துகொள்வாள், கொரினுடைய தவறு அத்தனை பேர் முன்னால் வெளிவரும். அடுத்த முறை, அதற்கடுத்த முறை என்று வைத்திருந்த ஆசைக்கும் அத்தோடு கொள்ளி. கேட்காவிட்டால், நாடே பார்த்துக்கொண்டிருக்க வில்லா தடுமாறுவாள்.

தடுமாறினால் போதும். ஆளுங்கட்சிக்கு செனட்டில் ஐம்பத்தொரு பேர். ஒருவர் ஏற்கெனவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியும் துணை அதிபரின் ஓட்டால் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் டோலிவர் என்கிற கிழவர் ஒருவர் வாரக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தார். அவரும் நழுவினால் நாற்காலி தேர்தல்வரை காலிதான்.

கடைசி ஒத்திகை நாள். கொரினுடைய முறை வந்தது. அரை மணி நேரம் வில்லாவை வறுத்தெடுத்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தபோது, தன்னையறியாமல், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வில்லா முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. நீ கேட்பது எனக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்கிற ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் கொரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அவ்வளவுதான், தலைவரே" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

செனட் குழுவின் விசாரணை நடந்த மூன்றாம் நாள், சட்டக் கல்லூரிக் கூடத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கொரின் பின்வரிசையில் நின்றாள். பதினோரு மணிக்கு ஆஸ்ட்ரேண்டர் கண்ணாடியைக் கழற்றினார். குறிப்பின் நகல் வில்லாவின் மேஜைக்குப் போனது. ரூபன் காட்லி யார் என்று கேட்டார். ஒன்பது வருடம் என்றார். ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகும் நீதிபதி அவர்களே என்றார்.

வில்லா தாளைப் படித்தாள். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றது. கொரினுக்குத் திரையிலும் அது தெரிந்தது. அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேதியையும் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள், என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று கொரின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனு என் பேருக்கு வந்தது" என்றாள் வில்லா. "அடியில இருக்கிறது என் பேரோட முதலெழுத்து. அந்தப் பக்கத்தை யாராவது திருப்பியிருக்கணும். திருப்பல. அதுக்கு நான்தான் பொறுப்பு. மிஸ்டர் காட்லி கேட்டுக்கிட்டிருந்தா, அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

ஆஸ்ட்ரேண்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த கேள்விக்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூடத்தில் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். எதிர்க்கட்சி பேட்ஜைச் சட்டையில் குத்தியிருந்த ஒரு மாணவி, "என்ன இருந்தாலும் மனுஷி" என்றாள். மதியத்துக்குள் செய்தியாளர்கள் காட்லியைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸில் மருமகன் வீட்டு வாசலில் நின்று அவர், இத்தனை வருடத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் இந்தம்மாதான் என்றார்.

கொரின் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இருபத்தேழு வருடமாக வில்லாவிடம் இருந்ததையெல்லாம் பார்த்து வெந்தவள். இன்று தன்னிடம் இருந்த ஒரே கேவலத்தையும் வில்லா எடுத்துப் போட்டுக்கொண்டாள், அதுவும் அவளுக்குப் பொருந்திப்போனது. தான் போட்டிருந்தால் கறையாக இருந்திருக்கும். அவள் தோளில் அது பதக்கமாகத் தொங்கியது.

இரண்டு மணிக்கு முன்னால் கைபேசி அடித்தது. வில்லா. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது, இடைவேளை.

"அந்த வாரம் நான் என் தங்கச்சி கேரன் கல்யாணத்துல இருந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"இதைக் கேப்பாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

கொரின் மேஜையின் விளிம்பைத் தேய்த்தாள். "தெரியும்."

வில்லா குரல் மாறாமல், "யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. இப்போ நீ வாயைத் திறந்தா நான் மறைச்சேன்னு ஆயிடும்" என்றாள். "உள்ள கூப்பிடறாங்க, வரேன்" என்று வைத்துவிட்டாள்.

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கொரினுக்கு அழ முடிந்திருக்கும்.

மறுநாள் ரென்ஃப்ரோ அழைத்தார். டோலிவர் கொஞ்சம் அசைகிறார், ஆனால் அந்தக் காட்லி விஷயம் அவருக்கு முள்ளாகக் குத்துகிறது, டீலிடம் வில்லாவோடு வேலை பார்த்த ஒருவரிடம் பேச வேண்டும் என்கிறார், இரண்டே நிமிடம், வில்லாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை என்று கெஞ்சினார். மூன்று மணிக்கு செனட்டரே பேசினார். மாட்டுச் சந்தை ஊர் ஒன்றில் வக்கீலாக இருந்து வந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிறவர்.

"எனக்குப் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம் புரொபசர். அந்தம்மா ஒழுங்கா வேலை பாக்கறவங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

கொரின் சொன்னாள். கைதிகளின் மனு ஒவ்வொன்றுக்கும் வில்லா படி இறங்கிப் போனதை, அசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை, மற்றவர்கள் கேலி செய்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது நன்றாகத்தான் வந்தது.

"அவ்வளவு பாத்தவங்க, இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டாங்க?" என்றார் டோலிவர்.

இதற்குப் பெரிய பதில் வேண்டியதில்லை என்று கொரினுக்குத் தெரியும். மனுஷர்களுக்குத் தவறு நேரும் என்றால் முடிந்தது. வில்லா கேட்டுக்கொண்டதும் அதைத்தான். ஆனால் கையில் ஒரு கத்தி இருந்தது, அதன் பெயர் உண்மை. இதைச் சொன்னால் யாரும் அவளைப் பொறாமைக்காரி என்று சொல்ல முடியாது. வில்லா நேற்று மேடையில் எடுத்துப் போட்டுக்கொண்டதை அவள் தோளிலிருந்து உருவி எடுத்துவிடலாம். நாற்காலியும் போகலாம்.

"ஏன்னா அதை எழுதினது அவ இல்ல" என்றாள். "நான்."

மறுமுனையில் செருமல் நின்றது.

"அப்போ நேத்து அந்தம்மா சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல" என்று கொரினுடைய வாய் முந்திக்கொண்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. "மனு தன் பேருக்கு வந்ததுன்னுதான் சொன்னா. அது நிஜம். நான் எழுதினேன்னு அவ சொல்லவே இல்ல."

"உங்க பேரையும் சொல்லல."

"சொல்லல."

"ஒத்திகையில ஆஸ்ட்ரேண்டரா உக்காந்தது நீங்கதானாமே. இந்தக் கேள்வியைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"வரும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதான்."

கொரின் காத்திருந்தாள். தன்னை அவர் கடிந்துகொள்ளட்டும் என்றும், வில்லாவைச் சந்தேகப்படட்டும் என்றும், இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பினாள்.

"நாலு வாரமா ரெண்டு பக்கமும் என் சட்டையைப் பிடிச்சு இழுக்கறாங்க" என்றார் கடைசியில். "அந்தம்மா ரொம்ப யோக்கியம்ங்கறாங்க, இல்லேங்கறாங்க. ஒருத்தர் சொன்னதும் மனசுல ஒட்டல. தனக்கு இவ்வளவு பண்ணினவளைக்கூடக் காட்டிக்கொடுக்காத ஆள்னு இன்னைக்குத்தான் தெரியுது. நீங்க எதுக்காகச் சொன்னீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. இது என்னோட இருக்கட்டும்."

அவர் கேட்டிருந்தால் அவளுக்கு என்ன பதில் வந்திருக்கும் என்று கொரின் அன்று முழுவதும் யோசித்தாள்.

அடுத்த வாரம் ஓட்டெடுப்பை அவளும் பீட்டும் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் சீஸ் வைத்த ரொட்டியை வாட்டித் தட்டில் போட்டான். பெயர்களை அகர வரிசையில் கூப்பிட்டார்கள். டோலிவர் எழுந்து, பொத்தான் மாட்டாத கோட்டை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஆம்" என்றார். எந்தக் காரணமும் சொல்லவில்லை. இரு பக்கமும் ஐம்பது. துணை அதிபர் ஐம்பத்தொன்றாவது ஓட்டைப் போட்டார்.

"மாட்டேன்னு சொல்லுவார்னு நினைச்சேன்" என்றாள் கொரின்.

பீட் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். "நினைச்சியா, வேண்டிக்கிட்டியா?"

அவள் உள்ளங்கையில் நான்கு நகத்தடம் இருந்தது. வில்லாவுக்கு அந்த ஓட்டை வாங்கிக் கொடுத்தது தன் வாய்தான் என்பதை அவனிடமும் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. வில்லாவிடம் ஒருபோதும் முடியாது.

தேர்தலன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து தபால்பெட்டியைத் திறந்தாள். கட்சிகளின் நோட்டீசுகளுக்கு நடுவே தடித்த உறை ஒன்று. உள்ளே ஒரே ஒரு தாள், வில்லாவின் சாய்ந்த கையெழுத்தில் மூன்று வரி. நீ பேசாமல் இருந்தாய். அது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றி.

கொரின் அந்த வரிகளைப் பிறகுதான் படித்தாள். முதலில் அவள் கண் போனது தாளின் தலைப்புக்கு. உச்ச நீதிமன்றம் என்று மேலெழும்பிய கருப்பு எழுத்துகள், கீழே சின்னதாக நீதிபதி வில்லா சொரென்சன். கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். மறுமுறையும் தடவினாள். அவள் விரலுக்கு அது சொரசொரவென்று இருந்தது.

"யாரு?" என்றான் பீட் உள்ளேயிருந்து.

"வில்லா. நன்றி சொல்லியிருக்கா."

"எதுக்கு?"

அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதன் நடுவில் நீர்க்குறியாக மங்கலாய் ஓர் அடையாளம் தெரிந்தது.

"நல்ல தாள்" என்றாள். "கடையில கிடைக்காது."